17.2 வோல்ட்: ஒரு மைனஸ் குறி தொலைந்த இடம்

10 வோல்ட் பேட்டரியில் மாட்டிய மின்தேக்கியில் (கெபாசிட்டர்) ஒரு வினாடி கழித்து 17.2 வோல்ட் இருக்கும் என்று ஒரு விடை வாட்ஸப்பில் எனக்கு வந்தது. அனுப்பியவள் எங்கள் ஊர்ப் பெண். பல்லடம் பக்கம், விசைத்தறி ஓட்டுகிற வீடு, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, இப்போது இன்ஜினியரிங் முதல் வருடம், ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்). நோட்டுப் பக்கத்தின் போட்டோவுக்குக் கீழே ஒரு வரி: "அக்கா, புக்குல 6.32னு போட்டிருக்குதுங்க. எனக்கு எங்க தப்புன்னே தெரியலைங்க."

அங்கே தொடங்கி நான்கு மாதம் அவளுக்குச் சர்க்யூட், கால்குலஸ், கொஞ்சம் பிசிக்ஸ் மூன்றிலும் வீட்டுக் கணக்குகளில் கூட இருந்தேன். நான் ஆசிரியர் கிடையாது. கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. ஒரு பிள்ளைக்கு உதவுவது என்றால் என்ன என்பதை இந்த நான்கு மாதத்தில்தான் கற்றுக்கொண்டேன், அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

முதல் கணக்கு

கணக்கு எளிமையானது. 10 வோல்ட் பேட்டரி, 10 கிலோ ஓம் மின்தடை, 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, மூன்றும் தொடராக. காலியாக இருக்கும் மின்தேக்கி, சுவிட்சைப் போட்டு 1 வினாடி ஆனதும் எத்தனை வோல்ட்டில் இருக்கும்? மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கினால் சரியாக 1 வினாடி வருகிற மாதிரி எண்களைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். மின்தேக்கியின் மின்னழுத்தத்தை வி என்று வைத்து அவள் கேவிஎல் (கிர்க்காஃபின் மின்னழுத்த விதி) எழுதியிருந்தாள், சரி. அதிலிருந்து டிவி பை டிடி (dV/dt, வி மாறுகிற வேகம்) சமம் 10 − வி என்று கொண்டுவந்திருந்தாள், அதுவும் சரி. அப்புறம் டிவி பை (10 − வி) என்பதைத் தொகையிட்டு லாக் (10 − வி) என்று எழுதியிருந்தாள். அங்கேதான் முன்னால் ஒரு மைனஸ் வந்திருக்க வேண்டும். அது வராததால் இ-யின் அடுக்கில் மைனஸ் டி வர வேண்டிய இடத்தில் வெறும் டி வந்து, மின்னழுத்தம் நிற்காமல் பெருகிக்கொண்டே போகிற ஒரு விடை கிடைத்தது.

நான் என்ன செய்தேன்? எல்லோரும் செய்வதைத்தான். ஒரு தாளை எடுத்து முழுக் கணக்கையும் அழகாகப் போட்டு, மைனஸ் வருகிற இடத்தில் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினேன். "புரியுதா கண்ணு?" என்று கேட்டேன். "புரியுதுங்க அக்கா, ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்றாள். அடுத்த நாள் மின்தேக்கிக்குப் பதிலாகக் கம்பிச்சுருள் (காயில்) வைத்த கணக்கு ஒன்றை அவளே போட்டு அனுப்பினாள், விடை சரி. எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் தப்பான சந்தோஷம். என் தாளில் இருந்த எழுத்துகளை மாற்றிப் போட்டால் காயில் கணக்கு வந்துவிடும், இரண்டும் ஒரே வடிவம். அவள் அதைத்தான் செய்திருந்தாள். போட்டோ எடுத்தால் விடை தருகிற ஆப் ஒன்றும் போனில் வைத்திருந்தாள், அதுவும் அவளுக்கு இதையேதான் கொடுத்துக்கொண்டிருந்தது. பார்த்து எழுத ஒரு நல்ல நகல். ஆப்பை நான் குறை சொல்லவில்லை, நானும் அன்றைக்கு ஒரு ஆப் செய்கிற வேலையைத்தான் செய்தேன்.

ஒரு வாரம் கழித்து வந்த கணக்கு, நிரம்பிய மின்தேக்கி காலியாவது. 10 வோல்ட்டில் இருக்கிற மின்தேக்கியை அதே 10 கிலோ ஓம் வழியாக இறக்கினால் ஒரு வினாடியில் எவ்வளவு மிஞ்சும்? 3.68 வோல்ட் வர வேண்டும். அவளுக்கு வந்தது 27.2. பேட்டரியே இல்லாத சர்க்யூட்டில், இறங்கிக்கொண்டிருக்கிற மின்தேக்கி 10-லிருந்து 27-க்கு ஏறியிருக்கிறது. இதில் தொகையிடலில் பிழையே இல்லை. மின்னோட்டம் என்றால் மின்தேக்குத்திறன் பெருக்கல் டிவி பை டிடி என்று மனப்பாடமாக இருந்ததை அப்படியே போட்டிருந்தாள். அந்தச் சூத்திரம், மின்தேக்கியின் நேர்முனைக்குள் போகிற மின்னோட்டத்துக்கானது. இங்கே மின்னோட்டம் நேர்முனையை விட்டு வெளியே போகிறது, ஆகவே முன்னால் ஒரு மைனஸ் வேண்டும். முதல் தடவை கால்குலஸில் தொலைந்த அதே மைனஸ், இந்தத் தடவை இயற்பியலில் தொலைந்திருக்கிறது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "சூத்திரத்தைத் திசை பார்த்துப் போடணும் கண்ணு" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது கணக்கில் கண்ணில் பட்டது

இரண்டு பேட்டரிச் சர்க்யூட். இடப்பக்கம் 12 வோல்ட், அதோடு 2 ஓம். வலப்பக்கம் 6 வோல்ட், அதோடும் 2 ஓம். இரண்டும் நடுவில் இருக்கிற ஒரு 8 ஓமுக்கு இணையாக வந்து சேர்கின்றன. ஒவ்வொரு கிளையிலும் எவ்வளவு மின்னோட்டம்? இரண்டு பேட்டரியிலிருந்தும் மின்னோட்டம் வெளியே வருவதாக அம்பு போட்டுக்கொண்டு கிர்க்காஃப் விதிகளை எழுதினால் இரண்டு சமன்பாடுகள் வரும். அவள் எழுதிய இரண்டும் சரி, தீர்த்ததும் சரி. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 2 ஆம்பியர். 6 வோல்ட் பேட்டரியிலிருந்து −1 ஆம்பியர். அதற்கு அடுத்த வரியில் அந்த மைனஸ் இல்லை. 1 ஆம்பியர் என்று எழுதி, 8 ஓமில் 2-ம் 1-ம் சேர்ந்து 3 ஆம்பியர் என்று முடித்திருந்தாள். 8 ஓமில் 3 ஆம்பியர் என்றால் 24 வோல்ட். கொடுத்திருப்பதோ 12-ம் 6-ம்தான், அவையும் இணையாக இருக்கின்றன.

அன்றைக்குப் போனில் கூப்பிட்டேன். "மைனஸ் எங்க போச்சு?"

"கரண்ட்டு எப்படிங்க அக்கா குறையா இருக்கும்? ஒண்ணு கரண்ட்டு இருக்கும், இல்லாட்டி இருக்காது. எங்கயோ தப்பாப் போட்டுட்டேன்னு நினைச்சு எடுத்துட்டனுங்க."

இந்தப் பதில்தான் இந்த முழுக் கதையிலும் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம். போனை வைத்துவிட்டு அவள் முதல்முதலில் அனுப்பிய 17.2 வோல்ட் பக்கத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். 17.18 என்ற எண்ணுக்கு முன்னால் பேனாவால் கருகருவென்று அடித்த ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அவள் போட்ட தப்பான வழியிலேயே போனாலும் விடை −17.18 என்றுதான் வரும், அவளுக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது. வந்த மைனஸை அடித்துவிட்டுத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறாள். முதல் நாளே அந்தக் கட்டத்தைப் பார்த்து "இது என்ன கண்ணு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

எது நோய், எது இல்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அவளும் விடுதியிலிருந்து வந்திருந்தாள். பாடம் எதுவும் நடத்தக் கூடாது, எங்கே ஓட்டை என்று மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

முதலில் மின்னோட்டம் என்றால் என்ன என்பதிலேயே குழப்பம் இருக்குமோ என்று பார்த்தேன். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிலியன் மெக்டெர்மாட் குழுவினர் மாணவர்களிடம் கேட்டுப் பெயர் பெற்ற ஒரு கேள்வி இருக்கிறது. ஒரே மாதிரி பேட்டரி மூன்று, ஒரே மாதிரி பல்பு ஐந்து. ஒரு பேட்டரியில் ஒற்றைப் பல்பு, இன்னொன்றில் இரண்டு பல்பு தொடராக, மூன்றாவதில் இரண்டு பல்பு இணையாக. எது எதைவிடப் பிரகாசம்? சூத்திரமே வேண்டாத கேள்வி. 1992-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், கால்குலஸோடு பிசிக்ஸ் படிக்கிற கல்லூரி மாணவர்களில் சுமார் 15 சதவீதம் பேர்தான் இதற்குச் சரியாகப் பதில் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள். முதல் பல்பு கரண்ட்டைத் தின்றுவிடும், இரண்டாவதற்குக் குறைவாகத்தான் போகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள்.

இவள் யோசிக்கக்கூட இல்லை. "தனியா இருக்கறதும் இணையா இருக்கற ரெண்டும் ஒரே மாதிரி எரியும்ங்க, தொடரா இருக்கற ரெண்டும் மங்கலா ஒண்ணுபோல எரியும்ங்க." கோயில் நோம்பிக்குக் கட்டுகிற சீரியல் செட்டை வருஷா வருஷம் அப்பாவோடு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தவள். ஆக மின்னோட்டம் பற்றிய அறிவில் குறையில்லை.

அடுத்தது கால்குலஸ். 1 பை (3எக்ஸ் + 2) தொகையிடு என்றேன். மூன்றில் ஒரு பங்கு லாக் (3எக்ஸ் + 2) என்று ஒரே வரியில் போட்டாள். 1 பை (10 − வி)? உடனே லாக் (10 − வி). ஏன் முன்னதில் மூன்றால் வகுத்தாய் என்றால், எக்ஸுக்கு முன்னால் 3 இருக்குதுங்களே என்கிறாள். இதில் வி-க்கு முன்னால் என்ன இருக்கிறது? "ஒண்ணும் இல்லைங்க. பத்துல இருந்து வி-யைக் கழிக்கறோம்ங்க, அவ்வளவுதான்."

இதை நான் பல நாள் யோசித்தேன். அவள் கண்ணுக்கு அந்தக் கோடு 10-க்கும் வி-க்கும் நடுவில் நிற்கிற ஒரு வேலை. எடு, கழி, முடிந்தது. அது வி-யோடு ஒட்டிக்கொண்டு −1 என்ற கெழுவாகவும் நிற்கும் என்பது படவே இல்லை. விதி தெரியும், பயன்படுத்தவும் தெரியும், ஆனால் விதி பார்க்கச் சொல்கிற பொருள் அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாவதாகப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல். 25 மீட்டர் உயர மாடியிலிருந்து ஒரு கல்லை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறாய், எத்தனை வினாடியில் தரையில் விழும்? ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள். இயக்கச் சமன்பாட்டில் இடப்பெயர்ச்சிக்கு 25, வேகத்துக்கு 20, முடுக்கத்துக்கு 10 என்று எல்லாவற்றையும் அப்படியே உள்ளே போட்டாள். 1 வினாடி என்று வந்தது. முழு எண், அழகான விடை, அவள் முகத்தில் சந்தோஷம்.

மேலே என்பதை நேர்த்திசையாக எடுத்தால் தரை −25-ல் இருக்கிறது, முடுக்கம் −10. விடை 5 வினாடி. அவளுக்கு வந்த 1 வினாடி ஒன்றும் கண்டபடி வந்த எண் கிடையாது. அதே கல்லை அதே 20 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கி எறிந்தால் வருகிற விடை அது. திசை எல்லாவற்றையும் எடுத்துவிட்டதால் அவள் வேறு ஒரு கல்லுக்குக் கணக்குப் போட்டு முடித்திருந்தாள். "ஒரு வினாடியில் கல் எங்கே இருக்கும்?" என்று கேட்டதும் யோசித்தாள். போட்டுப் பார்த்துவிட்டு, "மாடிக்கு மேல 15 மீட்டர்லைங்க... இன்னும் மேலதாங்க போயிட்டிருக்குது" என்றாள். கை தானாகப் பேனாவை வைத்துவிட்டது.

மூன்று பாடம், மூன்று விதமான கணக்கு, ஒரே ஒரு இடத்தில் பிழை. அவளுக்கு மைனஸ் என்றால் ஒன்று, கழிக்கிற வேலை. அல்லது ஒரு குறைபாடு, விடையில் வந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று காட்டுகிற அடையாளம். அது திசையைச் சொல்கிற சொல் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், அவள் காதில் விழாமல் இருந்திருக்கலாம்.

இதில் நம் மொழிக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் மிகை முழு, குறை முழு என்று படிக்கிறோம். இயற்பியலுக்கு வந்தால் நேர்மின்னூட்டம், எதிர்மின்னூட்டம். இரண்டு இடத்திலும் ஒரே கோடுதான், ஆனால் ஒரு இடத்தில் அதற்குப் பெயர் குறை, இன்னொரு இடத்தில் எதிர். குறை என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு இல்லாமை, பற்றாக்குறை, கடன் இதெல்லாம்தான் மனதில் வரும். கடன் கணக்குக்கு அது பொருத்தமான சொல்தான். சர்க்யூட்டுக்கு எதிர் என்பதுதான் பொருந்தும். "கரண்ட்டு எப்படிங்க குறையா இருக்கும்" என்று அவள் கேட்டாளே, அந்தக் கேள்வி அவள் கற்ற சொல்லிலிருந்து நேராக வந்தது. அவளை நான் எப்படிக் குற்றம் சொல்வேன்?

மீட்டர் சொன்னது

விளக்கம் கொடுக்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். பையில் ஒரு மஞ்சள் மல்டிமீட்டர், 9 வோல்ட் பேட்டரி, 10 கிலோ ஓம் மின்தடை (பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு வளையம்), 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். தறிக்கொட்டகைத் திண்ணையில் பரப்பினேன். முதலில் பேட்டரியை அளந்து பார் என்றேன். சிவப்பு முள்ளையும் கருப்பு முள்ளையும் மாற்றி வைத்துவிட்டாள். திரையில் −9.2.

"அக்கா, மீட்டரு கெட்டுப் போச்சுங்களா?"

நான் எதுவும் சொல்லவில்லை. மீட்டரைத் தட்டினாள், பேட்டரியைத் திருப்பிப் பார்த்தாள், அப்புறம் முள் இரண்டையும் இடம் மாற்றினாள். 9.2. மறுபடி மாற்றினாள், −9.2. இப்படி நாலைந்து தடவை. அப்புறம் மெதுவாக, "பேட்டரி மாறவே இல்லைங்க. நான் வைக்கறதுதாங்க மாறுது. அப்ப ரெண்டுமே சரிதாங்களா?"

"ரெண்டும் சரிதான். மைனஸ் உனக்கு என்ன சொல்லுது?"

"நான் நினைச்சதுக்கு எதிர்ப்பக்கம்னு சொல்லுதுங்க."

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. நாடா (ஊடைநூலோடு இங்கும் அங்கும் ஓடுகிற கட்டை) வலமிருந்து இடம் போகும்போது அதன் வேகம் குறைகிறதா என்று கேட்டேன். சிரித்தாள். "அதே வேகந்தாங்க, எதிர்ப்பக்கமாப் போகுது." வலப்பக்கம் போவதை நேர் என்று வைத்தால் இடப்பக்கம் போவது மைனஸ், இடப்பக்கத்தை நேர் என்று வைத்தால் வலப்பக்கம் மைனஸ். நாடாவுக்கு இதைப் பற்றிக் கவலையே இல்லை. என் வேலையிலும் இதுதான். மூன்று ஃபேஸ் மோட்டாரில் ஏதாவது இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் அதே மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், குறைவாக ஒன்றும் சுற்றாது.

அப்புறம் மின்தேக்கியை ஏற்றினோம். மின்தேக்கியின் மேல் ஒரு பக்கமாகப் பட்டையாக மைனஸ் குறி அச்சடித்திருப்பார்கள், இந்த வகை மின்தேக்கியில் அதை மாற்றி மாட்டினால் கெட்டுப்போகும், வெடிக்கவும் வெடிக்கும். அதைக் காட்டினேன். தான் தூக்கியெறிந்துகொண்டிருந்த குறியைக் கம்பெனிக்காரன் பெரிதாக அச்சடித்து வைத்திருக்கிறான் என்பதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அவள் போனில் வினாடி பார்க்க, நான் மீட்டரைப் படித்தேன். 10 வினாடியில் 5.3. 20-ல் 7.5. 30-ல் 8.5. கணக்குப்படி 10 வினாடியில் 5.8 வந்திருக்க வேண்டும். ஏன் குறைந்தது என்று அவளே கேட்டாள். இந்த மின்தேக்கிகளில் எழுதியிருக்கும் அளவு 20 சதவீதம் முன்னேபின்னே இருக்கலாம், நம்முடையது 1000-க்கு மேல் கொஞ்சம் கூட இருந்திருக்கும், அதனால் நிரம்ப நேரமாகிறது என்றேன்.

வோல்ட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடச் சொன்னேன். நிரம்ப இன்னும் எவ்வளவு மிச்சம்? தொடக்கத்தில் 9.2, அப்புறம் 3.9, 1.7, 0.7. ஒவ்வொரு பத்து வினாடிக்கும் இருக்கிற மிச்சத்தில் பத்தில் நாலு பங்கும் கொஞ்சமும் மட்டும் தங்குகிறது. ஏறுவது எதுவாக இருந்தாலும் மிச்சம் இறங்கிக்கொண்டுதான் இருக்கும், அதுவும் ஏறுகிற அதே அளவுக்கு. அப்போது நோட்டைத் திறந்து அந்தப் பழைய 10 − வி-யைக் காட்டினேன். "இதுக்கு ஒரு பேர் வை." "மிச்சம்ங்க." "வி ஒரு புள்ளி ஏறினா மிச்சம்?" "ஒரு புள்ளி இறங்கும்ங்க... அட, அந்த மைனஸ் இதுதாங்களா!"

பிரதியிடலில் அவள் தொலைத்த மைனஸ் அதுதான். புத்தகத்தில் அதற்குச் சங்கிலி விதி என்றெல்லாம் பெயர் இருக்கிறது. அவளுக்கு அது, ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கும் என்ற ஒரு விஷயமாக வந்து உட்கார்ந்தது. பேட்டரியைக் கழற்றி மின்தடை வழியாக இறக்கிக் காட்டியபோது மீட்டர் இறங்க இறங்க, "டிவி பை டிடி இப்ப மைனஸ்ங்க, ஆனா கரண்ட்டு நான் போட்ட அம்புலயே வெளிய வருது, அப்ப ரெண்டையும் சமம்னு போட முன்னாடி ஒரு மைனஸ் வேணும்ங்க" என்று நான் கேட்காமலே சொன்னாள். மேல்நிலைத் தொட்டியில் வெளியே போகிற தண்ணீரை அளந்தால் மட்டம் இறங்குமே, அதே கணக்கு.

இரண்டு பேட்டரிச் சர்க்யூட்டுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. −1 ஆம்பியர் என்றால் 6 வோல்ட் பேட்டரிக்குள் 1 ஆம்பியர் போகிறது, அதாவது அது சார்ஜ் ஆகிறது. வீட்டில் கரண்ட் இருக்கும்போது இன்வெர்ட்டர் பேட்டரி செய்வதும் அதுதானே. அதைச் சரிபார்க்கவும் ஒரு வழி காட்டினேன். 12 வோல்ட் பேட்டரி 2 ஆம்பியர் கொடுத்தால் 24 வாட். அது எங்கெங்கே போகிறது? அதன் 2 ஓமில் 8 வாட், நடுவில் 8 ஓமில் 8 வாட், வலப்பக்க 2 ஓமில் 2 வாட், 6 வோல்ட் பேட்டரிக்குள் 6 வாட். கூட்டினால் 24. கணக்கு நேரானதும், இதை ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் செய்யலாங்களா என்று கேட்டாள். செய்யலாம், செய்ய வேண்டும். விடைப் பக்கத்தைப் புரட்டுவதைவிட இது நம்பகமானது.

எலக்ட்ரான் ஒரு பக்கம் போக மின்னோட்டம் இன்னொரு பக்கம் போவதாக ஏன் எழுதுகிறோம் என்றும் அன்றைக்கே கேட்டாள். 18-ம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் எதை நேர், எதை எதிர் என்று அழைப்பது என ஒரு முடிவு எடுத்துவிட்டார். ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தது 1897-ல். அந்த வரிசையில் எலக்ட்ரானுக்கு எதிர் என்ற பெயர் போய்ச் சேர்ந்தது. பெயர் மாறிப் போனாலும் ஒரு கணக்கும் தப்பாகவில்லை, முதலில் எடுத்த திசையைக் கடைசிவரை மாற்றாமல் வைத்திருந்தால் போதும். கிர்க்காஃப் இந்த விதிகளை எழுதிய 1845-ல் அவருக்கு வயது 21, கோனிக்ஸ்பெர்க்கில் படித்துக்கொண்டிருந்த மாணவர். அதைச் சொன்னதும், "என்னைவிட மூணு வருசந்தாங்க பெரியவரு" என்றாள்.

அதற்கப்புறம் எப்படி உதவினேன்

தீர்த்து அனுப்புவதை நிறுத்தினேன். சிரமமாகத்தான் இருந்தது. இரவு பத்து மணிக்கு, நாளைக்குக் காலையில் அசைன்மென்ட் வைக்கணும்ங்க என்று ஒரு பிள்ளை கேட்கும்போது, எனக்கு ஐந்து நிமிடத்தில் வருகிற விடையை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது கல்நெஞ்சம் மாதிரிதான் தெரியும். இரண்டு தடவை தீர்த்தும் கொடுத்துவிட்டேன். அந்த இரண்டு கணக்கையும் அடுத்த வாரம் கேட்டபோது அவளுக்கு ஞாபகமே இல்லை.

புரியுதா என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்குப் புரியுதுங்க என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல அவளால் முடியாது. நான் பெரியவள், நேரம் ஒதுக்கி உதவுகிறேன், புரியலை என்று எப்படிச் சொல்வாள்? அதற்குப் பதிலாக, கணக்குத் தொடங்கும் முன்பே விடை எதற்கும் எதற்கும் நடுவில் இருக்கும் என்று சொல்லச் சொன்னேன். 10 வோல்ட் பேட்டரி, மின்தேக்கி ஏறுகிறது, ஆக 0-க்கும் 10-க்கும் நடுவில். இதை முதலிலேயே எழுதி வைத்திருந்தால் 17.2 என் வரைக்கும் வந்திருக்காது. அப்புறம் படத்தில் அம்பு. எந்தச் சூத்திரத்துக்கும் முன்னால் அம்பு போட வேண்டும், போட்ட அம்பை நடுவில் மாற்றக் கூடாது. கடைசியாக, அடித்ததை அடித்தபடியே அனுப்ப வேண்டும். சுத்தமாக எழுதிய பக்கம் எனக்கு வேண்டாம், ரஃப் பக்கம்தான் வேண்டும் என்றேன். முதலில் கூச்சப்பட்டாள். தப்பான வரிகளைக் காட்ட யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் எனக்குத் தேவையானது அந்த அடித்த வரிகளில்தான் இருக்கிறது என்பதைக் கருப்புக் கட்டத்தின் கதையைச் சொல்லிப் புரியவைத்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது இன்டர்னலில் சர்க்யூட் கணக்கு, ஏற்றம் இறக்கம் இரண்டும் சரியாகப் போட்டாள். கால்குலஸில் பகுதி தொகையிடல் இன்னும் தடுமாறுகிறது. அங்கேயும் ஒரு மைனஸ் இருக்கிறது, ஆனால் அந்தத் தடுமாற்றம் வேறு ரகம், எதை எதுவாக எடுப்பது என்பதில் வருகிறது. ஆங்கிலத்தில் இருக்கிற கேள்வியைப் படித்ததும் என்ன கேட்கிறார்கள் என்று பிடிப்பதற்கும் நேரம் எடுக்கிறது. அதற்குத் தனியாக ஒரு வழி செய்துகொண்டிருக்கிறோம், கேள்வியை ஒரு தடவை தமிழில் தன் வார்த்தையில் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறாள்.

போன வாரம் அனுப்பிய பக்கத்தில் ஒரு கிளை மின்னோட்டம் −0.4 ஆம்பியர் என்று வந்திருந்தது. அடிக்கவில்லை. பக்கத்தில் சின்ன எழுத்தில், "அம்புக்கு எதிர்ப்பக்கம்" என்று எழுதியிருந்தாள்.

இப்போது ஏசி சர்க்யூட்டுக்கு வந்துவிட்டார்கள், ஜே வந்துவிட்டது. நேற்று இரவு வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, மைனஸ் ஒண்ணுன்னா நேர் எதிர்ப்பக்கம், சரிங்க. அந்த மைனஸ் ஒண்ணுக்கு வர்க்கமூலம்தான் ஜேன்னு சொல்றாங்க. ரெண்டு தடவை பெருக்கினா எதிர்ப்பக்கம் திரும்பணும்னா, ஒரு தடவைக்குப் பாதிதானுங்களே திரும்பியிருக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். ஒரு கிராஃப் நோட்டும் காம்பஸும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.